மாயாக் கலங்களும் அவை கிடந்த மண்ணும்

மாயா நாகரிகத்தின் வண்ணம் தீட்டிய சுடுமண் கலங்களைப் பற்றிய எழுத்துகளில் ‘அலங்கார வேலைப்பாடு’ என்ற தொடரை இன்றும் காண்கிறோம். அத்தொடர் ஒருமுறை ஆய்வையே திசைதிருப்பியது. கலத்தின் விளிம்பைச் சுற்றி வரிசையாக வரும் குறிகளை, எழுத்தறியாத ஓவியர்கள் அழகுக்காக வரைந்தவை என்று எரிக் தாம்சன் போன்ற பேரறிஞரே கருதினார். 1973இல் மைக்கேல் கோ, அக்குறிகள் கலத்துக்குக் கலம் ஒரே ஒழுங்கில் வருவதைச் சுட்டிக்காட்டினார். அதனை ஈமச் சடங்குப் பாடல் எனக் கொண்டது அவர் பிழை. பின்வந்தோர் படித்தபோது எளிய செய்தியே வெளிப்பட்டது: கலத்தின் வகை, அதில் அருந்தும் பானம், அதற்கு உரியவர் பெயர். குவாத்தமாலாவின் ரியோ அசூல் கல்லறைக் கலம் ஒன்றில் ‘ககாவ்’ என்ற சொல் படிக்கப்பட்டது. உள்ளே ஒட்டியிருந்த எச்சத்தைச் சோதித்தபோது கொக்கோவே என்பது உறுதியாயிற்று.

ஆயினும், எழுத்தைப் படித்தால் கலத்தைப் படித்தாயிற்று என்பதை நான் ஏற்கவில்லை. பெலீசின் புவெனவிஸ்தாவில் 1988இல் அகழப்பட்ட கல்லறையில், நரன்ஹோ அரசனின் பெயர் தீட்டிய கலம் கிடைத்தது. பெருநகர அரசனின் கலம் சிறிய ஊரொன்றின் கல்லறைக்கு ஏன் வந்தது? அரசியல் உறவை வலுப்படுத்த அளித்த பரிசு என்பது ஆய்வாளர் விளக்கம். அதே கலம் ஏலச் சந்தை வழியே வந்திருந்தால் அரசன் பெயர் எஞ்சியிருக்கும், இக்கேள்வியே எழுந்திராது.

இன்று அறியப்பட்ட மாயா வண்ணக் கலங்களுள் மிகப் பல, கொள்ளையர் தோண்டி விற்றவை. சந்தைக்காகச் சிதைந்த பகுதிகளில் புது வண்ணம் பூசப்பட்டவையும் அவற்றுள் உண்டு. நாம் ஒப்பிட்டு ஆராயும் ஓவியக்கூறு பண்டை ஓவியன் வரைந்ததா, அண்மைக் காலத்தவர் நிரப்பியதா என்ற ஐயம் நியாயமானதே.

இவற்றை ஆய்விலிருந்து அறவே விலக்கலாமா? மைக்கேல் கோவின் கண்டுபிடிப்பே தனியார் சேகரிப்புகளைப் பெரிதும் சார்ந்தது. அதன் பயனை ஏற்றுக்கொண்டு மூலத்தை மட்டும் மறுப்பது நேர்மையன்று. ஆனால் அறிஞரின் வாசிப்பு களவுப் பொருளின் விலையை உயர்த்தும் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே என் நிலைப்பாடு இது: ‘கிடைத்த இடம் தெரியவில்லை’ என்ற குறிப்பைப் படத்தின் அடியில் ஒதுக்காமல், வாதத்தினுள்ளேயே எழுத வேண்டும். முறையான அகழாய்வில் கிடைத்த ஒரு கலமேனும் துணைநில்லாத கருத்தைக் கருதுகோள் என்றே அழைக்க வேண்டும், முடிவு என்றன்று.