பரம்பரையும் பந்தியும்

காவிரியின் கடைமடையில், அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால், ஆட்சிகள் வந்து போவதைப் பார்த்தே பழகிய ஊர். 1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954-இல் இந்தியாவோடு வந்து சேர்ந்தது. கொடிகள் மாறின, திண்ணையில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கும் பெரியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். வாதம் அடித்துவிட்டது என்று அன்று ஊர் சொன்னது; மூளைக்குப் போகும் நாளம் அடைத்துக்கொண்டது என்று இன்று ஸ்கேன் படம் சொல்கிறது. ஆனால் கட்டிலருகே நிற்கும் மகன் மனத்துக்குள் கேட்டுக்கொள்வது பழைய கேள்விதான்: தாத்தாவுக்கு வந்தது, அப்பாவுக்கும் வந்துவிட்டது, எனக்கும் வருமா?

இரத்தத்தில் வந்த விதி என்று நினைத்தது, கடைசியில் சோற்றில் இல்லாத ஏதோ ஒன்றாக முடிந்த கதை இந்தக் கரைக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தின் வடபகுதியில், ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்தது, இதயம் தளர்ந்தது. புழுங்கல் அரிசி உண்ட தென்பகுதியில் அந்த நோய் அரிதாகவே இருந்தது. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அவித்துக் காயவைத்த நம் பாட்டிமார்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. வைட்டமின் என்ற பெயரே 1912-இல்தான் பிறந்தது.

அடுத்த அத்தியாயம் பெண்களின் இரத்தத்தில் எழுதப்பட்டது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பஞ்சாலைத் தொழிலாளிகள் உட்படக் கருவுற்ற ஏழைப் பெண்களை வெளுத்துப்போகச் செய்த சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது. ஈஸ்ட் சாற்றில் அந்தச் சோகையைத் தீர்க்கும் பொருள் ஒன்று இருப்பதாக 1931-இல் எழுதினார். அதுவே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945-இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கர்ப்பிணியின் கையில் வைக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் பெண் அந்த நெடும்பயணத்தின் வாரிசு என்பதை யாரும் அவளிடம் சொல்வதில்லை.

பக்கவாதத்துக்கும் இந்த மாத்திரைக்கும் என்ன தொடர்பு? நாம் உண்ணும் புரதத்திலுள்ள மெத்தியோனின் உடலுக்குள் ஹோமோசிஸ்டினாக மாறுகிறது. ஃபோலேட்டும் பி12 வைட்டமினும் போதுமான அளவு இருந்தால் அது மீண்டும் மெத்தியோனின் ஆகிவிடும்; குறைந்தால் இரத்தத்தில் தேங்கும். பிறவிக் கோளாறால் இப்படித் தேங்கி இறந்த குழந்தைகளின் நாளங்கள் கிழவர்களின் நாளங்கள்போல் தடித்திருந்ததை 1969-இல் கில்மர் மெக்கல்லி எடுத்துச் சொன்னார். நெடுநாள் அவர் பேச்சு எடுபடவில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கட்டுப்படுத்த அவற்றின்மீது இடப்படும் மீத்தைல் குறிகளும் இதே சுழற்சியிலிருந்துதான் கிடைக்கின்றன. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: ஆறு முன்னோர் தந்தது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மதகின் கையில். மதகும் மரபில் பழுதுபட்டு வருவதுண்டு. ஃபோலேட்டைப் பக்குவப்படுத்தும் நொதியை மந்தமாக்கும் ஓர் எழுத்துப் பிழையை 1995-இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உணவில் ஃபோலேட் நிறைந்திருந்தால் அந்தப் பிழையின் பாதிப்பு பெரிதும் அடங்கிவிடுகிறது.

ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டதும் அதுவே சர்வரோக நிவாரணி என்று நம்புவதும், பிறகு சோர்வதும் மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவதுதான். ஒருமுறை பக்கவாதம் கண்டவர்களுக்கு பி வைட்டமின்களை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004-இல் ஏமாற்றத்தில் முடிந்தது. 2015-இல் வெளியான சீன ஆய்விலோ, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இரத்த அழுத்த நோயாளிகளில், அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் பெற்றவர்களுக்கு முதல் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முந்தைய ஆய்வு பெரிதும் நடந்த அமெரிக்கா, 1998 முதலே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்த்துவந்த நாடு. சீனத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இல்லாத இடத்தில் கொடுத்தது பலித்தது. இருக்கிற இடத்தில் கொட்டியது வீணாயிற்று.

இல்லாமை காரைக்காலுக்குத் தெரியாததல்ல. 1850-களிலிருந்து ஏறத்தாழ 1880-கள் வரை, ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கப்பல்கள் இந்தத் துறையிலும் ஆள் ஏற்றின. பிழைப்புத் தேடி டெல்டாவிலிருந்து நடந்து வந்தவர்கள் ஏறினார்கள். 1876-78 பெரும்பஞ்சமும் அந்த ஆண்டுகளுக்குள்தான் வந்தது. அந்தப் பசியின் குறி இன்னும் நம் மரபணுவில் இருக்கிறது என்று சொன்னால் அது கற்பனை. ஆனால் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கருத்தரிக்கப்பட்டவர்களின் ஒரு மரபணுமீது, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மீத்தைல் குறி குறைந்திருந்ததை 2008-இல் அளந்து காட்டினார்கள். தாயின் வயிற்றுக்குப் போகாத சோறு, பிள்ளையின் முதுமைவரை கணக்கில் நிற்கக்கூடும்.

இன்றைய குறை வேறு வகை. வயிறு நிறைகிறது, பி12 நிறைவதில்லை. செடிகொடிகளில் இல்லாத அந்த வைட்டமின், மீன், இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குணவுகளில்தான் உண்டு. ஃபோலேட் மிகுந்து பி12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இன்சுலின் சரிவர வேலை செய்யாத போக்கைப் புனே ஆய்வாளர்கள் 2008-இல் பதிவுசெய்தார்கள். நம் சிவப்பு மாத்திரையிலும் பி12 இல்லை. கடலைக் கண்முன்னே வைத்திருக்கும் ஊரிலும், மீன் தொடாத வீடுகளும், விலை கேட்டுவிட்டுத் திரும்பும் வீடுகளும் இருக்கின்றன. கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டும் அடுப்பங்கரையில் ஃபோலேட்டும் சேர்ந்தே போகிறது.

பக்கவாதத்தின் முதற்காரணம் இன்றும் உயர் இரத்த அழுத்தம்தான். உப்பும் புகையிலையும் சர்க்கரை நோயும் கைவிடப்பட்ட மாத்திரையும் அதற்குத் துணை நிற்கின்றன. வைட்டமின் அந்த வரிசையில் பின்னால் நிற்பது. ஆனால் கட்டிலருகே நிற்கும் மகனுக்கு இந்த நீண்ட வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. பரம்பரை என்று நாம் சொல்வதில் இரத்தத்தில் வந்தது பாதி என்றால், பந்தியில் பரிமாறப்பட்டது மீதி. முதற்பாதியை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் பாதியை நம் பாட்டிமார் அறியாமலே காத்தார்கள். அறிந்தே காக்கும் கடமை நமக்கு இருக்கிறது. இன்று கருவுற்றிருக்கும் பெண்ணின் இலையில் என்ன விழுகிறது என்பது, 2090-இல் யாருடைய கை விழும் என்பதில் ஒரு சிறு பங்கேனும் வகிக்கக்கூடும்.