நாற்றம் நின்றால்தான் ஆபத்து



முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் நடத்தினேன். ஹைட்ரஜன் சல்பைடு பாடம் வந்தால் "அழுகிய முட்டை நாற்றம்" என்று சொல்லி மூக்கைப் பிடித்துக் காட்டுவேன். வகுப்பே சிரிக்கும்.

அப்படிச் சிரித்த பையன்களில் ஒருவன் பிறகு ஒரு தோல் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் போனான். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய கூட்டாளி மயங்கி விழ, அவனைத் தூக்க இவனும் இறங்கினான். இருவரும் உயிரோடு வரவில்லை. துக்கத்துக்குப் போனபோது உடன் வேலை பார்த்தவர் சொன்னார்: "மொதல்ல நாத்தம் அடிச்சுது சார். அப்புறம் நின்னு போச்சு. அதான் தைரியமா எறங்கிட்டான்."

அன்றிலிருந்து அந்தப் பாடத்தில் நான் மூக்கைப் பிடித்துக் காட்டியதில்லை. பாதிப் பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மீதிப் பாதி இதுதான். தோல் ஆலைக் கழிவில் சோடியம் சல்பைடு இருக்கும். அதில் அமிலம் சேர்ந்தால் இந்த வாயு கிளம்பும். அதன் மூலக்கூறு எடை 34, காற்றின் சராசரி 29. அதனால் குழிக்குள் தங்கும். குறைந்த அளவிலேயே கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 100 பங்கைத் தாண்டினால் மோப்ப நரம்பே மரத்துப் போகும். நாற்றம் நின்றதென்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

இன்று பல ஆலைகளில் பயிற்சி என்று நடப்பதும் பாதிப் பாடம்தான். 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1989இல் அபாயகர ரசாயனங்களுக்கென்று விதிகள் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அவற்றை வைத்திருக்கும் ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும். ஆனால் ஆலைகளில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் சொல்வது வேறு: சைரன், கேட் வரை நடை, பதிவேட்டில் கையெழுத்து, டீ. மார்ச் 4 பாதுகாப்பு தினத்தன்று சட்டையில் ஒரு பேட்ஜ். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. குழியில் இறங்குபவரோ அவர்தான்.

உற்பத்தி கெடும், செலவாகும் என்பார்கள். நான் கேட்பது பெரிய செலவில்லை. இறங்கும் ஆளுக்கு அவர் மொழியில் சொல்லுங்கள். இந்தியோ ஒடியாவோ எதுவானாலும் சரி. இறங்குமுன் வாயு அளக்கும் கருவியை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவியை அவரே மாட்டிப் பழகட்டும். கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் இந்த வாயுவைத் தடுக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டாளி விழுந்தால் கூடவே குதிக்கக் கூடாது, கத்த வேண்டும், கயிற்றால் மேலே இழுக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வைக்க வேண்டும். நண்பன் விழுவதைப் பார்த்தால் மனசு குதிக்கத்தான் சொல்லும். அதை அடக்க ஒரு நாள் சொற்பொழிவு போதாது.

உங்களில் சூப்பர்வைசர், மேனேஜர், காண்ட்ராக்டர் என்று பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஆலையில் கடைசி ஒத்திகை எப்போது நடந்தது? அதில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? கீழே எழுதுங்கள். பதில் "இல்லை" என்றாலும் எழுதுங்கள். நான் கோபப்பட மாட்டேன். அடுத்த மாதம் மறுபடி கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்