மேட்டுக்காட்டின் கொடை

திருச்செங்கோட்டில் 2014 திசம்பரில் ‘மாதொருபாகன்’ என்னும் நாவல் கொளுத்தப்பட்டது. அடுத்த மாதம் அந்நூலை எதிர்த்து ஊரில் கடைகள் அடைக்கப்பட்டன. நாமக்கல்லில் அரசு அலுவலர் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சு’ நடந்து, நூலாசிரியரிடம் உடன்பாட்டில் கையொப்பம் வாங்கப்பட்டது. அதன்பின் பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அந்த நாவல் உள்ளிட்ட தம் நூல்களை விற்க வேண்டாமெனப் பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் மீண்டும் எழுத வேண்டுமென்று விழைந்தது. அடுத்த மாதமே ‘கோழையின் பாடல்கள்’ என்னும் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளிவந்தது.

துன்பம் ஒரு கவிஞனை ஈன்றது என்று சொல்வோர் உளர். அக்கூற்றை நாம் மறுக்கிறோம். துன்பம் அவருக்கு முதலில் தந்தது சொல்லற்ற வெறுமையே. துன்பமே கவிதை தந்ததென்று போற்றினால், துன்புறுத்தியோர்க்கும் அக்கவிதையில் பங்கு அளித்ததாகிவிடும். அது பெரும்பிழை.

அவருக்குச் சொல்லை மீட்டுத் தந்தது எது? அவர் பிறந்து வளர்ந்த வானம் பார்த்த பூமிதான் என்பது எம் துணிபு. கம்பும் சோளமும் விளையும் மேட்டுக்காடு, வெயிலுக்கு அஞ்சாப் பனை, பட்டியில் அடைந்த வெள்ளாடு ஆகியவை அவரிடம் முன்பே இருந்தன. விளைநிலம் குடியிருப்பாக மாறுவதைக் கண்டு கலங்கிய ‘ஏறுவெயில்’ நாவல் 1991இல் வந்தது. ‘கூளமாதாரி’ நாவலில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் பசியும் ஆட்டமும் காட்டோடு பின்னிக் கிடக்கின்றன. அச்சம் மனிதரிடமிருந்து அவரை விலக்கிய போதும், இம்மண் விலக்கவில்லை. யாருக்கும் தீங்கு செய்யாதவனே கோழை என்று அவர் பாடியபோது, அச்சொல்லிலிருந்த இழிவு நீங்கி அருள் குடிகொண்டது. அடுத்து வந்த ‘பூனாச்சி’ நாவலில், மனிதரைப் பற்றி எழுத அஞ்சியவர் ஒரு வெள்ளாட்டின் வாழ்வை எழுதினார். பஞ்சமும் அதிகாரமும் அந்தச் சிற்றுயிரை எவ்வாறு வாட்டுகின்றன என்று படிக்கும் எவரும், நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என உணர்வர்.

மண்ணைப் போலவே திரையோடும் அவருக்குள்ள உறவு பழையது. திரையரங்கில் சோடா விற்கும் இளைஞரின் வாழ்வை ‘நிழல்முற்ற’மாக எழுதியவர் அவர். அவருடைய ‘வறுகறி’ என்னும் சிறுகதையிலிருந்து இயக்குநர் தமிழ் உருவாக்கிய ‘சேத்துமான்’ திரைப்படம் 2022இல் வெளிவந்தது. பேரனைப் படிக்கவைக்கப் பாடுபடும் தாத்தாவையும், பன்றிக்கறிமேல் பண்ணையார் கொண்ட ஆசையையும் சுற்றி நகரும் படம் அது. அங்கே இயற்கை அழகுக் காட்சியாக வரவில்லை. வறண்ட வெளியும் தொலைதூர நடையும் எளியவரின் தன்மானத்துக்குச் சான்றாக நிற்கின்றன. துயரத்தை மிகைப்படுத்தும் இசைக்கும் கண்ணீருக்கும் பழகிய நம் திரையுலகுக்கு இந்த அடக்கம் அரிய பாடம்.

தொடக்கத்தில் சொன்ன வழக்குக்கு மீண்டும் வருவோம். ‘அமைதிப் பேச்சின்’ உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இலக்கியத்தை மதிப்பிடும் பணி காவல்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் உரியதன்று என்பதையும், அதற்குத் துறை அறிந்தோர் குழு வேண்டும் என்பதையும் உணர்த்தியது. இனி எந்த நூல்மீது முறையீடு எழுந்தாலும், எழுத்தாளரை மேசைக்கு முன் அமர்த்திக் கையொப்பம் வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்திலும் இருக்கக் கூடாது. முறையீடு செய்வோர் அக்குழுவையோ நீதிமன்றத்தையோ நாடட்டும். அலுவலர்கள் எழுத்தாளரின் உயிருக்கும் உரிமைக்கும் காவல் நிற்கட்டும்.