கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸிலேயே மலையேற முடியுமா? பாதை இருக்கு... பஸ் எங்கே?

கரிசல் காட்டில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். ஆனால் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலையிலோ கடலைமிட்டாய் கடையிலோ வேலை பார்க்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அந்த மலைக்குப் போய்வர நினைத்தால்? கார் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் கொஞ்சம் சிக்கல்தான்.

பஸ்ஸில் எட்டும் மலை எது?

கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினால் போதும். இறங்கி நடந்தே மலையடிவாரம் போயிடலாம். மேலே 8-ம் நூற்றாண்டு பாண்டியர் கால வெட்டுவான் கோயில், பாறை முழுக்கச் சமணச் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். செலவு? பஸ் டிக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும்தான்!

காட்டு மலைக்குப் போகணும்னா?

அங்கேதான் பிரச்னை. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைன் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என நல்ல ஏற்பாடு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, இந்தக் கட்டுப்பாடு அவசியம் என்பதில் சந்தேகமே இல்லை.

கோவில்பட்டிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு. சாத்தூர், சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 60 கி.மீ. அதுவரை பஸ் இருக்கு. அதன்பிறகு அடிவாரம் வரை சில கிலோமீட்டர். காலையில் மலையேற்றம் தொடங்கும் நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர்வது பயணியின் பொறுப்பு. அதனால் முந்தின நாளே கிளம்பி ரூம் போடணும், இல்லைன்னா வண்டி பிடிக்கணும். கடைசி சில கிலோமீட்டருக்காக ஒருநாள் கூலி போயிடும்.

ஜப்பானில் எப்படி?

டோக்கியோ ஷின்ஜுகுவில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் தகாவோ மலையடிவார ஸ்டேஷன். அங்கிருந்து சில நிமிட நடையில் பாதை தொடங்கிவிடும். கமிகோச்சி பள்ளத்தாக்கில் சொந்தக் காருக்கே அனுமதி இல்லை; வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸிலோ டாக்ஸியிலோதான் உள்ளே போகணும். சுற்றுலாவுக்கு மட்டுமல்ல, காட்டுக்கும் அது நல்லது.

நம்மால் முடியாதா?

முடியும். ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகும் பக்தர்களுக்காக தாணிப்பாறை அடிவாரம் வரை அரசு சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. பக்தர் கூட்டத்துக்குச் செய்வதை, சனி, ஞாயிறு மலையேற்றத்துக்குச் சின்ன அளவில் செய்தால் போதும்.

என்ன செய்யலாம்?

மலையேற்றம் நடக்கும் நாள்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் திரும்ப ஒரு பஸ். அதை நகரப் பேருந்தாக விட்டால், 2021 முதல் நடைமுறையில் உள்ள கட்டணமில்லாப் பயணம் பெண்களுக்கும் கிடைக்கும். கோவில்பட்டி, சிவகாசியிலிருந்து வரும் அதிகாலை பஸ்ஸுக்கு ஏற்ப மலையேற்ற நேரத்தை வைக்கலாம். முன்பதிவுப் பக்கத்திலேயே பஸ் நேரத்தையும் போடலாம்.

வனத்துறையும் போக்குவரத்துத் துறையும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை இது. மலை அரசுடையது, பஸ்ஸும் அரசுடையது. கார் வைத்திருப்பவருக்கு மட்டும் அந்த மலை பக்கத்தில் இருப்பது நியாயமில்லை.