நல்லெண்ணம் மட்டும் போதுமா?

மாணவர்களே! கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் சிதைந்தால், மூச்சு விடச் சொல்லும் மூளையின் கட்டளை உதரவிதானத்தை எட்டாது. அங்குள்ள நரம்பும் தசையும் நலமாயிருந்தால், சிறு மின்துடிப்புகளே அக்கட்டளையின் வேலையைச் செய்துவிடும். நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003-இல் இத்தகைய கருவி பொருத்தப்பட்டது.

இயக்க நரம்புகளே அழிந்துவரும் ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கும் இது உதவும் என்று பலர் நம்பினர். பிரிட்டனில் 74 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இரு பிரிவுக்கும் முகமூடிவழிச் சுவாச உதவி; ஒன்றுக்கு மட்டும் கூடுதலாக இக்கருவி. 2015-இல் முடிவு வெளிவந்தது. கருவி இல்லாதவர்களில் பாதிப்பேர் 22.5 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். பெற்றவர்களில் பாதிப்பேர் 11 மாதங்களைத் தாண்டவில்லை!

ஒப்பிட்டுச் சோதிப்பது காலதாமதமன்று. நோயாளியைக் காக்கும் கடமை என்பேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?