'ப' என்று தொடங்கும் சொற்கள்

ஒரு நிமிடத்திற்குள், 'ப' என்று தொடங்கும் சொற்களை இயன்ற மட்டும் சொல்லுங்கள். ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் கூடாது. ஒரே சொல்லை விகுதி மாற்றிச் சொல்வதும் கணக்கில் வராது. கேட்பதற்கு இது மாணவர் மன்ற விளையாட்டைப் போலிருக்கும். ஆனால் தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், மறதிநோயாக இருக்குமோ என்ற ஐயத்தோடு அழைத்து வரப்படும் முதியவர்கள் ஆகியோரிடம் மருத்துவ உளவியலாளர்கள் நடத்தும் சோதனைகளுள் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் என்னும் மூன்றெழுத்தைக் கொண்டு இதை நடத்துவது வழக்கம். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு, இந்திய மொழி பேசுவோருக்கு க, ப, ம ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. இது எளிய மாற்றம் என்றுதான் எவருக்கும் தோன்றும். தமிழ் இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இச்சோதனைகள் எதைச் செய்ய முயல்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். 'நினைவு' என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது பல தொழில்களின் கூட்டு. பதினைந்து சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் செய்வார்கள். பிறகு வேறொரு பட்டியலை இடையில் புகுத்துவார்கள். அரைமணி நேரம் போல் கழித்து, முதற்பட்டியலை மீண்டும் கேட்பார்கள். கற்கவே இயலவில்லையா, கற்றது தங்கவில்லையா, தங்கியதை வெளிக்கொணர முடியவில்லையா என்று பிரித்தறிய இது உதவும். எண்களை முன்னும் பின்னுமாகச் சொல்லச் செய்தால் கவனத்தின் அளவு தெரியும். கடிகாரம் வரையச் சொன்னால் இடவுணர்வும் திட்டமிடலும் தெரியும். சிவப்பு மையில் 'பச்சை' என்று எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லும் சோதனையை 1935இல் ஸ்ட்ரூப் வகுத்தார்; அது பழக்கத்தை அடக்கும் ஆற்றலை அளக்கிறது. இவற்றால் கிடைப்பது தேர்ச்சி, தோல்வி என்னும் தீர்ப்பு அன்று. எந்தத் திறன் ஊன்றி நிற்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்னும் வரைபடம். அதே வயதும் அதே அளவு கல்வியும் உடைய நலமானவர்களோடு ஒப்பிட்ட பின்னரே அதற்குப் பொருள் கொள்வார்கள்.

வயதானால் மறதி வரத்தானே செய்யும், இதற்கெல்லாம் சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டது. இதை வீட்டாரின் கண்ணுக்கு மட்டும் விட்டுவிட்டால் தப்பிவிடும். பழனி போன்ற ஊரில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. கந்தர் சஷ்டி கவசத்தை முதலிலிருந்து முடிவு வரை தடையின்றிச் சொல்லும் மூதாட்டிக்கு, காலையில் உண்டது என்னவென்று தெரியாமல் போகலாம். 'அம்மாவுக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது, கவசம் முழுக்கச் சொல்கிறார்களே' என்று பிள்ளைகள் ஆறுதல் கொள்வார்கள். நெடுங்காலம் ஓதி ஊறியது எளிதில் அழியாது. புதிதாகப் பதிவதுதான் முதலில் நின்றுபோகிறது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டச் சோதனை வேண்டும். ஆகவே என் வழக்கு சோதனைகளின் மீதன்று, அவை தமிழுக்கு வந்து சேரும் முறையின் மீதுதான்.

இனி 'ப'வுக்கு வருவோம். தமிழில் இது அகரமேறிய உயிர்மெய். பழம், படி, பல் என்று சொன்னவர் பால், பிட்டு, பூ என்று தொடர்ந்தால் அது சரியா, தவறா? மெய்யை வைத்து எண்ணினால் சரி, எழுத்தை வைத்து எண்ணினால் தவறு. 'ப, பா, பி, பீ' என்று வாய்விட்டுப் படித்தவர் இரு வழியிலும் யோசிக்கக்கூடும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கோ எழுத்து என்ற ஒன்றே இல்லை, ஒலிதான் உண்டு. அவர் செவியில் 'பழம்' என்பதன் முதலொலியும் 'பஸ்' என்பதன் முதலொலியும் வேறுவேறு. நாம்தான் இரண்டையும் ஒரே வரிவடிவத்தில் எழுதிப் பழகியிருக்கிறோம். அவர் பஸ்ஸைச் சொல்லாமல் விட்டால் அதை மூளைத் தளர்ச்சி என்பதா, செவிக்கூர்மை என்பதா?

சிக்கல் இத்தோடு முடியவில்லை. படி, படிப்பு, படிப்பாளி மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை. விதிப்படி ஒன்றாகவே எண்ண வேண்டும். ஆனால் 'படி' என்பதே ஏறும் படிக்கும் நெல்லளக்கும் படிக்கும் வாசி என்னும் ஏவலுக்கும் பொதுவாயிற்றே, அது ஒரு சொல்லா, மூன்றா? க, த, ந, ப, ம ஆகிய ஐந்தும் பன்னிரண்டு உயிரோடும் கூடி மொழிக்கு முதலாகும் என்கிறது தொல்காப்பியம். க, ப, ம அந்த ஐந்தனுள் அடங்குவது நல்லதே. எனினும் அவ்வெழுத்துகளில் அகராதி எத்தனை சொற்களைத் தருகிறது என்பது இங்கே போதாது. எத்தனை சொற்கள் ஓர் உழவரின் நாவில் புழங்குகின்றன என்பதே தெரிய வேண்டும்.

எண் சோதனையிலும் இதே நிலைதான். 1 முதல் 9 வரை, ஏழைத் தவிர, ஆங்கில எண்ணுப்பெயர்கள் ஓரசையில் முடிந்துவிடுகின்றன. தொல்காப்பிய மாத்திரைக் கணக்கில் நம் எண்ணுப்பெயர் எதுவும் இரண்டு மாத்திரைக்குக் குறைவதில்லை. சொல்ல நேரமாகும் எண்ணை மனத்தில் நிறுத்துவதும் கடினம். வேல்சு மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் எல்லிஸும் ஹென்னலியும் 1980இல் இதைக் காட்டினார்கள். வேல்சு எண்ணுப்பெயர்களைச் சொல்ல அதிக நேரமாவதால், அம்மொழியில் அவர்களால் குறைவான எண்களையே நினைவிற்கொள்ள முடிந்தது. அதே மனிதர், அதே மூளை, மொழிதான் மாறியது. தமிழில் இன்னொரு திருப்பமும் உண்டு. உளவியலாளர் 'ஒன்று, இரண்டு, ஐந்து' என்று எழுத்துத் தமிழில் வாசிக்க, எதிரே இருப்பவர் 'ஒண்ணு, ரெண்டு, அஞ்சு' என்று மனத்துள் மாற்றிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாற்றும் வேலைக்கு மதிப்பெண் தாளில் இடமில்லை. பழனியோ கொங்கு நாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் இடைப்பட்ட ஊர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வெளியே தமிழ் பேசும் குடும்பங்களும் இப்பக்கம் பல.

மொழிக்கு அடுத்தபடி பள்ளிக்கூடம். 2005இல் கனடாவின் மாண்ட்ரியலில் உருவான 'மோகா' சோதனை இன்று உலகெங்கும் புழங்குகிறது. மொத்தம் 30 மதிப்பெண். பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். ஒருநாளும் பென்சில் பிடிக்காதவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான். கனசதுரம் வரையச் சொல்லும் சோதனையில் அவருக்கு அது எம்மாத்திரம்? இக்குறையை உணர்ந்தே கல்வி குறைந்தவர்களுக்கெனப் பின்னர் தனி வடிவம் செய்தார்கள். பார்வையற்றோருக்கும் 22 மதிப்பெண்ணில் ஒரு வடிவம் உண்டு. மற்ற எட்டும் பார்வையைச் சார்ந்தவை. பழனியில் 1836இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளம்பருவத்திலேயே அம்மையால் பார்வை இழந்தவர். செவிவழியே கற்றுச் சேதுநாட்டு அரசவையில் புகழ்பெற்றவர். முப்பதுக்கு எத்தனை என்று கேட்கும் தாள் அவரிடம் சென்றிருந்தால், எட்டை இழந்துவிட்டுத்தான் தொடங்கியிருப்பார்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. போர்த்துகல்லில் எழுத்தறிவற்ற பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது படித்தவர்களைவிடக் குறைவாகவே சொன்னார்கள். கடையில் வாங்கும் உணவுப் பொருள்களைச் சொல்லச் சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைத் தெரிந்த பெண்ணிடம் காண்டாமிருகப் படத்தைக் காட்டுவதைவிடக் காய்களின் பெயரைக் கேட்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அரியானாவின் பல்லப்கரில் கல்லாத முதியோருக்காக அமைத்து 1995இல் வெளியிட்ட இந்திச் சோதனை இன்னும் துணிந்தது. வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் சொன்னது. எழுதிய கட்டளையைப் படித்துக் கண்ணை மூடச் சொல்வதற்குப் பதிலாக, தான் செய்வதைப் பார்த்துச் செய்யச் சொன்னது. கேள்வியின் சொற்கள் மாறின, கேள்வி சோதிக்க வந்த திறன் மாறவில்லை. மொழிபெயர்ப்பு என்றால் இதுதான் மொழிபெயர்ப்பு.

பழனித் தலபுராணமே ஒரு சோதனையின் கதைதான். உலகை முதலில் வலம்வருபவருக்குப் பழம் என்றார்கள். ஒருவர் மயிலேறிப் புறப்பட்டார். மற்றவர் பெற்றோரைச் சுற்றி வந்து நின்றார். 'உலகம்' என்ற ஒரு சொல்லுக்கு இருவரும் இரு பொருள் கொண்டார்கள், இரண்டும் பிழையன்று. வினாவின் சொல்லைத் தன் வழியில் புரிந்துகொண்டு முழு உலகையும் சுற்றி வந்தவர் பழமின்றி மலையேறினார். மருத்துவமனை மேசையில் சொல்லை வேறு வழியில் புரிந்துகொள்பவருக்குப் பழம் மட்டும் போவதில்லை. இல்லாத நோயின் பெயர் அவர் மீது ஏறலாம், அல்லது இருக்கும் நோய் கண்ணில் படாமல் போகலாம்.

தமிழில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மோகாவுக்குத் தமிழ் வடிவம் உண்டு. சென்னையிலும் வேலூரிலும் மறதிநோய் குறித்த கள ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆயினும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மறதிநோயைக் கண்டறிய உருவாக்கி, 2020இல் அதன் ஆய்வு வடிவமைப்பு வெளியான சோதனைத் தொகுப்பு முதலில் எடுத்துக்கொண்ட மொழிகள் ஐந்து: இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். செம்மொழி என்று 2004இல் அறிவிக்கப்பட்டதைக் கொண்டாடிய நாம், அந்தப் பட்டியலில் தமிழ் இல்லாததைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

இதில் உளவியலாளர்களை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. எந்தச் சொல் எந்த வட்டாரத்தில் புழங்குகிறது, எது அறுபது வயதுக்காரருக்குத் தெரியும், எது பள்ளியில் மட்டும் கேட்டது என்பதெல்லாம் தமிழ்த்துறைகள் தரவேண்டிய செய்தி. நாட்டார் வழக்காற்றை ஒலிப்பதிவு செய்யக் கிராமங்களுக்குப் போகும் நம் மாணவர்கள், அதே பயணத்தில் எழுத்தறியாத முதியவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லும் காய், பூ, மாட்டுவகைப் பெயர்களையும் திரட்டி வரலாம். ஆய்வேட்டுத் தலைப்புக்குப் பஞ்சம் என்று புலம்பும் துறைகளுக்கு இது உகந்த தலைப்பு. சொற்பட்டியலை நாம் கொடுத்தால், அளவுகோலை அவர்கள் செய்துகொள்வார்கள்.

அது நடக்கும் வரை, பெற்றோரை இத்தகைய சோதனைக்கு அழைத்துச் செல்பவர்கள் சிலவற்றைச் செய்யலாம். எத்தனை ஆண்டு படித்தார், வீட்டில் எம்மொழி பேசுகிறார், என்ன தொழில் செய்தார், என்னென்ன மாத்திரைகள் உண்கிறார், முந்தின இரவு உறங்கினாரா என்பவற்றைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலத் தேதி தெரியாமல் விழித்தாலும் அன்று கார்த்திகை என்றோ அமாவாசை என்றோ அவர் அறிந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல உளவியலாளர் இவற்றைத் தாமே கேட்பார். கேட்காதவரிடம் நாம் சொல்வதில் தவறில்லை.