"பால் காணாது" என்று சொல்ல முன்னர்…



போன கிழமை குழந்தை கிடைத்த ஒரு பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். சிசேரியன் செய்து இரண்டாம் நாள். கட்டிலைச் சுற்றி ஆறு பேர். குழந்தை அழுதது. "பால் காணாது போல" என்றார் ஒருவர். "சீனித்தண்ணி கொஞ்சம் வைங்க" என்றார் இன்னொருவர். மாமி பையிலிருந்து பால்மா டின்னை எடுத்தார். தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்களும் அந்த ஆறு பேரில்தான் நின்றோம். வாய் திறக்கவில்லை.

பிறகு தாதி வந்து எங்களை வெளியே அனுப்பினார். குழந்தையை மார்போடு அணைத்துப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டினாராம். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

முதல் நாட்களில் வருவது கொஞ்சமான, மஞ்சள் நிறச் சீம்பால். பிறந்த குழந்தையின் சின்ன வயிற்றுக்கு அது போதும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். போத்தல் கொடுத்தால் உறிஞ்சுவது குறையும், பாலும் குறையும். கடைசியில் நாம் சொன்ன பொய் உண்மையாகிவிடும்.

வைத்திய காரணத்தால் பால்மா தேவைப்படும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதும் பாவம். ஆனால் அதை முடிவெடுக்க வேண்டியது டொக்டர். பார்க்கப் போன நாமல்ல.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் நாம் மறுபக்கம் பிழை விடுகிறோம். கஞ்சித் தண்ணியையே பருக்கிக்கொண்டிருக்கிறோம். அதில் சத்து எங்கே? கரண்டியிலிருந்து வழியாத அளவுக்குத் தடிப்பாக மசித்த சோறு, பருப்பு, பூசணி, பிறகு மீன், முட்டை, ஈரல் என்று கொடுக்க வேண்டும். தாய்ப்பாலும் இரண்டு வயது வரை தொடர வேண்டும். சந்தேகமென்றால் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேட்கலாம்.

சூரா பகராவின் 233ஆம் வசனம் பூரண இரண்டு வருடப் பாலூட்டலைப் பேசுகிறது. அதே வசனம்தான் பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. முதல் பாதியைத் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், மறுபாதியை ஆண்களுக்குச் சொல்கிறோமா?

ஆஸ்பத்திரியில் தாதிமார் பொறுமையாகக் கட்டியெழுப்பும் நம்பிக்கையை, பார்க்கப் போகும் நாம் ஒரு வார்த்தையில் உடைத்துவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது பால்மா டின்னை வீட்டில் வைத்துவிட்டு, தாய்க்குச் சூடாக ஒரு நேரச் சாப்பாடு கொண்டுபோவோம். குழந்தை அழுதால் தாதியைக் கூப்பிடுவோம்.